ஏழாம் சனிக்கிழமை

சோனங்குப்பத்துக்கு எதிரே உப்பனாற்றுச் சேறு.
முதல் வாரம் நீர் வற்றிய நேரம் ஆறு நாற்பது.
பிளாஸ்டிக் குழாயில் நானே ஒட்டிய சதுரம்,
அரை மீட்டருக்கு அரை மீட்டர்.
அதற்குள் விழும் வளைகளை மட்டும் எண்ண வேண்டும்.
குழாய்க்கடியில் பாதி, வெளியே பாதி இருந்தால்?
நூருன்னிசா அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்.
'இடது பக்கம் சேர்த்துக்கோ, வலது பக்கம் விட்டுடு.
எப்பவும் அப்படியே செய்.'
ஏன் என்று கேட்டதற்கு
இரண்டு நீல டிக்.
அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டு விலங்கியல்.
பணம் கிடையாது, சான்றிதழ் உண்டு என்றார்கள்.
அம்மா மீன் கூடையோடு ஏறும் அதே பஸ்.
'தின்ன ஆகாத நண்டை எண்ணவா டி காலேஜு?'
ஒரு கை மட்டும் பெருத்துப்போன அந்த நண்டுக்கு
எங்கள் தெருவில் பேர் கிடையாது.
விலை போகாததற்கு யார் பேர் வைப்பார்கள்?
லத்தீனில் இருந்தது.
அடிக்கோடு போடாமல் நோட்டில் எழுதி
முதல் வாரமே திட்டு.

நிழல் விழுந்தால் உள்ளே போய்விடும்.
கால் மணி நேரம் கொடிக்கம்பமாய் நின்றால்
ஒன்று எட்டிப் பார்க்கும்,
பின் இன்னொன்று,
பின் சேறு முழுக்கக் கையாட்டல்,
வழியனுப்புகிற மாதிரி, வம்புக்கிழுக்கிற மாதிரி.
அதற்குள் எனக்குக் கணுக்கால் காணாமல் போயிருக்கும்.
மூன்றாம் வாரம் ஒரு செருப்பு போனது.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது, ஆய்வுப் பரப்புக்குள்,
எந்த அட்டவணையிலும் சேராமல்.

ஏழாம் சனிக்கிழமை
சித்தி மகளுக்கு மஞ்சள் நீராட்டு.
பந்தி முடிந்து, பாத்திரம் ஒதுக்கி,
ராத்திரி பன்னிரண்டுக்கு நோட்டைத் திறந்தேன்.
ஆறு வாரம் பார்த்தவளுக்கு ஏழாவது தெரியாதா?
பன்னிரண்டு. ஒன்பது. பதினான்கு. பதினொன்று.
மறக்காமல்
பூந்தொட்டி மண்ணைக் குழைத்து
பக்க ஓரத்தில் விரல் பதித்தேன்.

பதினைந்து வாரம் முடிந்தது.
கணினி அறையில் அக்கா புள்ளிகளை ஏற்றினாள்.
என் சனிக்கிழமைகள்
பள்ளி விட்ட பிள்ளைகளாய்
ஆளுக்கொரு பக்கம் ஓடின.
ஒன்று மட்டும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது,
எண்ணெய் தடவி, வகிடெடுத்து.
'ஏழு ரொம்ப அழகா வந்திருக்கு.'
நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.
'என்ன?'
'அன்னிக்கு நான் போகல.'

கத்துவாள் என்று நின்றேன்.
வெள்ளிக்கிழமை அவள் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.
அந்த வரிசையை அழித்தாள்.
கோடு லேசாகச் சரிந்தது.
பிறகு என்னைப் பார்த்தாள்,
வளை வாசலை நான் பார்ப்பேனே, அப்படி.
என் நோட்டை மடியில் விரித்துக்கொண்டு
ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

'எட்டுல பதினேழு?'
'மழை. குடை நிழலுக்கு நண்டு ஓடுதுன்னு
நனைஞ்சுகிட்டே நின்னேன்.'
'பதினொண்ணுல ரெண்டே ரெண்டு?'
'சதுரத்துக்குள்ள நாய் படுத்துகிச்சு.
எழுப்பினப்ப எல்லா வளையும் மூடிக் கெடந்துச்சு.'
'நாயை எழுதலையே நீ.'
'எழுதணுமா?'
அவள் பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

எழுதினேன். செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது.
நாலாம் வாரம் வலை அலசியவர்கள் கலக்கிய தண்ணீரை எழுதினேன்.
செருப்பை எழுதினேன், இடது கால், ஆறாம் நம்பர்.
அக்கா டீ குடிக்கப் போய்விட்டு வந்தாள்.
எனக்கு வாங்கி வரவில்லை.

ஏழாம் பக்கத்துக்கு வந்தபோது
எழுத ஒன்றுமில்லை.
குறுக்கே கோடு போட்டு, தேதி போட்டு,
'செல்லவில்லை' என்று எழுதினேன்.
ஓரத்தில் காய்ந்திருந்த மண்ணை
நகத்தால் சுரண்டி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பே இல்லை.