பதினேழாம் கேள்வி

சித்தூர் முனிசிபல் பள்ளி, ஏழாம் அறை.
மின்விசிறிக்குச் சத்தம் உண்டு, காற்று இல்லை.
தமிழ் மீடியம் விடைத்தாள் திருத்த
மாவட்டத்துக்கே நாங்கள் ஆறு பேர்.

புதிதாய் விடுதலை பெற்ற ஒரு நாட்டின்
முதல் மத்திய அரசு ஏன் வலுவிழந்தது?
ஐந்து மதிப்பெண்.
விடைக்குறிப்பு சுருக்கம்:
வரி போட அதிகாரமில்லை, படையில்லை,
எல்லா மாநிலமும் தலையசைத்தால்தான் எதுவும் நகரும்.

கட்டில் இருபத்திரண்டாவது தாள்.
'கேந்திர' என்று தெலுங்கில் தொடங்கி
அடித்துவிட்டு 'மத்திய' என்று எழுதியிருக்கிறான்,
அல்லது எழுதியிருக்கிறாள்;
பதிவெண்ணில் அது தெரியாது.

"எங்கள் ஊர் ஏகாம்பரகுப்பம்.
நூல் கொடுத்து, வட்டி பிடித்து, முழத்தில் திருடி
இருபது வருஷம் எங்களை ஆண்ட மேஸ்திரி
ஒருநாள் இரவு லாரி ஏறிப் போனார்.
நாங்கள்தான் ஏற்றினோம்.
பதின்மூன்று சந்தும் சேர்ந்து சங்கம் வைத்தோம்.
தலைவருக்கு ஒரு மேசை, ஒரு மணி,
ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.
பெட்டிச் சாவி மட்டும் கொடுக்கவில்லை.
கொடுத்தால் அவரும் மேஸ்திரி ஆகிவிடுவாரே!
பதின்மூன்று சந்துக்கும் பதின்மூன்று பெட்டி.

ஆடியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
தலைவர் கடிதம் எழுதினார். நல்ல கையெழுத்து.
ஐந்து சந்து பணம் தந்தது.
செங்கல்வராயன் சந்து 'சனிக்கிழமை' என்றது,
எந்தச் சனி என்று சொல்லவில்லை.
தாசரிச் சந்து 'எங்கள் லைன் வேற கம்பம்' என்றது.
குழாயடிச் சந்து
'எல்லாரும் கொடுத்தா நாங்களும்' என்றது,
மீதிப் பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.
பதின்மூன்றாம் சந்து மொத்தமும்
கிருத்திகைக் காவடியோடு திருத்தணியில்.
அவர்கள் இல்லாமல் தீர்மானம் செல்லாது.
பத்தொன்பது நாள் தறிச் சத்தம் இல்லாமல்
குழந்தைகளுக்குத் தூக்கம் வரவில்லை.

நூல் கடன்காரர்கள் வந்து தறியைக் கழற்றினார்கள்.
கழற்றக் கொடுத்தவர்கள் நாடாக்கட்டையோடு
சங்கத்தைச் சுற்றி வளைத்தார்கள்.
தடுக்கத் தலைவரிடம் ஒரே காவலாளி, முனிரத்தினம்.
மூன்று மாதச் சம்பள பாக்கி.
அவர் முன்வரிசையில் நின்றார்,
எங்கள் பக்கம்.

கையைக் கட்டித்தான் நாற்காலியில் உட்கார வைத்தோம்.
பிறகு ஏன் பரிமாறவில்லை என்று கேட்டோம்.
அந்த நாட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும்."

தலைமைத் திருத்துநர் பத்மநாப ரெட்டி
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.
"எத்தனை பாயிண்ட் வந்திருக்கு?"
வரி, பெட்டிச் சாவியில் இருக்கு சார்.
தீர்மானம், திருத்தணி போயிருக்கு.
"படை?"
எதிர்ப் பக்கம் நிற்குது.
அவர் சிரிக்கவில்லை.
"புத்தகத்துல இருக்கா?"
இல்லை.
"அப்ப ரெண்டு போடுங்க."

அவர் அடுத்த பெஞ்சுக்குப் போகும்வரை காத்திருந்து
நான்கு போட்டேன்.

பக்கத்தின் அடியில்
இரண்டு முறை கோடு கிழித்த வரி ஒன்று.
அடித்ததைத் திருத்தக் கூடாது, விதி.
ஜன்னல் பக்கம் பிடித்தால் படிக்க முடிந்தது:
'தலைவர் என் அப்பா. அந்த மணி
இப்போது எங்கள் வீட்டு அரிசி டிரம் மேல்.'

இருபத்து மூன்றாவது தாளில்
விடைக்குறிப்பு அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல்.
ஐந்து.