நத்தைக்கு எத்தனை பல்

நத்தைக்குப் பல்லாயிரம் பல் இருக்கிறதாம்.
ஏழு நாற்பது பஸ் மஞ்சக்குப்பம் தாண்டுவதற்குள்
போனைப் பார்த்துச் சொன்னாள் ரஹ்மத் பானு.
பல்லாயிரத்துக்குள்ளேயே ஒரு பல் இருப்பதை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நான் பல் செய்கிறவள்.
புதுச்சேரியில் ஒரு மாடி லேபில்
நாளைக்கு ஆறு முடித்தாலே
தலைவலி மாத்திரை தேட வேண்டியிருக்கிறது.
நல்லவேளை, நத்தைகள் முறுக்குத் தின்பதில்லை.

முன் சீட்டுக்காரர் போனில்
வழி சொல்லும் பெண்
திருப்பாதிரிப்புலியூரை ஐந்து துண்டாக நறுக்கி
நடுத்துண்டைத் தொலைத்துவிட்டு
கடைசித் துண்டை இரண்டு முறை பரிமாறினாள்.
அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை,
நாங்களே திருப்பாப்புலியூர் என்று
பாதியை விழுங்குகிறவர்கள்தான்.
ஆனால் இருநூறு மீட்டரில் திரும்பு என்கிறாளே,
யார் கையில் டேப் இருக்கிறது?
டிரான்ஸ்பார்மர் தாண்டி, பழைய ரேஷன் கடைக்கு எதிரே
என்று சொல்லத் தெரியாதவள்
இந்த ஊருக்கு எப்படி வழி சொல்வாள்.

கணவாய்க்கு மூன்று இதயம்.
இதுவும் பானுதான்.
துறைமுகத்தில் வாங்கும்போது
மீன்காரம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.
'முப்பது இருந்தாலும் கிலோ நானூறுதான்' என்றார்.

அரியாங்குப்பத்தில் புரோட்டா மாஸ்டர் வேதகிரிக்கு
துபாய் மச்சான் ஒரு கடிகாரம் கொடுத்திருக்கிறான்.
நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடங்கள்,
இது டாக்டர் சொன்னது.
மாவை அடித்த அடியெல்லாம் காலடி,
இது கடிகாரம் சொன்னது.
கல்லுக்கு முன்னால் நின்ற இடத்தில் நின்றபடி
நேற்று அவர் நடந்தது இருபத்திரண்டாயிரம்.
வீச்சுக்கு ஆர்டர் வந்தால் ஓடுகிறார் என்று நினைத்துக்கொள்கிறது.

சினிமாவைப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்.
கம்ப்யூட்டரைக் கொள்ளையடிக்கிறவன்
மௌஸைத் தொடுவதே இல்லை.
சரி, இரண்டு அபிப்பிராயம்.
ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில்
பைக் நிறுத்த இடம் தேடி
மூன்று சுற்று சுற்றி
கடைசியில் வீட்டுக்கே திரும்பிப்போன கதாநாயகனை
யாரும் இன்னும் படமெடுக்கவில்லை.
எடுத்தால் முதல் காட்சிக்கு நான் உத்தரவாதம்.

நாத்தனாரின் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை
இரட்டை வேகத்தில் கேட்டே பழகிவிட்டேன்.
போன மாதம் ஒரு காதுகுத்தில்
நேரில் பேசினார்.
இழுத்து இழுத்து, ஆறப்போட்டு,
ஒவ்வொரு வார்த்தையாக.
'அண்ணி, உடம்புக்கு ஏதாவதா' என்று
கையைப் பிடித்துக் கேட்டுவிட்டேன்.
இன்னும் கோபமாக இருக்கிறார்.
அந்தக் கோபத்தையும் வாய்ஸ் மெசேஜில்தான் அனுப்புகிறார்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது
எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது.
ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது
மனிதனுக்கு இரண்டு கிராம் எடை குறையும் என்றேன்.
அப்போதுதான் முளைத்த பொய்,
ஈரம்கூடக் காயவில்லை.
பானு கண்ணை அகல விரித்தாள்.
கன்னியக்கோயில் வருவதற்குள் ஆறு பேருக்குப் போய்விட்டது.
(கன்னியக்கோயில் வந்ததை எந்த வரைபடமும் சொல்ல வேண்டாம்.
அதுவரை தூங்கிய ஆண்கள் தாமாக விழித்து
சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள்.)

சாயங்காலம் லேபில்
யாரோ ஒரு தாத்தாவின் கடைவாய்ப் பல்லைத்
தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.
நாத்தனார்.
பாலத்தில் போனால் இரண்டு கிலோ குறையுமாம்,
விஞ்ஞானிகளே உறுதி செய்துவிட்டார்களாம்,
உனக்குத்தான் ரொம்பத் தேவை, தினமும் போகிறாயே,
கவனித்தாயா?
முழுவதையும் சாதாரண வேகத்தில் கேட்டேன்.

மறுநாள் அதே ஏழு நாற்பது.
பாலம் வந்தது.
பானு செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு
பையை என் மடிக்கு மாற்றினாள்,
கணக்கு சரியாக வர வேண்டுமாம்.
கீழே ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம்.
நான் சிரிக்காமல் இருக்க
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
கடித்தபடியே, யாருக்கும் தெரியாமல்,
வயிற்றையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.