கமலா, வயது நாற்பத்தெட்டு

தாளில் என் பெயர் கமலா.
மூன்று நாளாய் அடிவயிற்று வலி,
கணவர் லாரி ஓட்டுகிறார்,
கேட்டால் மட்டும் அழ வேண்டும்.
நாளுக்கு நானூறு ரூபாய், மதியம் தயிர்சாதம்.

நிஜத்தில் நான் வேடியம்மாள்.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தில்
கொலுசுக்குக் கண்ணி கோக்கிறவள்.
வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்ற மாதம்
பெரியாஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் நாத்தனார்
"சும்மா வலிக்குதுன்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்று
கூட்டிவந்து விட்டாள்.

ஒருவருக்கு ஆறு நிமிடம்.
மணி அடித்தால் அடுத்த பிள்ளை.
இடையில் நான் கட்டங்களில் டிக் போட வேண்டும்:
தன் பெயரைச் சொன்னாரா. கண்ணைப் பார்த்தாரா.
குறுக்கே பேசாமல் கேட்டாரா.
கடைசியில் பரிவுக்கு ஒரு கோடு,
ஒன்றிலிருந்து ஏழு வரை.

"உங்க கஷ்டம் புரியுதும்மா."
காலையிலிருந்து முப்பத்தாறு தடவை.
ஒரே அச்சில் ஊற்றிய சலங்கை மணிகள்.
குறை சொல்லவில்லை.
ஒரு பெண்ணுக்கு நெற்றியெல்லாம் வியர்த்து
ஸ்டெதாஸ்கோப் துப்பட்டாவில் சிக்கிக்கொண்டது.
ஏழு போட்டேன்.
அவள் என்னைப் பார்த்தாளா, ஞாபகமில்லை.
நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குமேல்
எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது.
யாரிடம் சொல்ல?
"இப்பத்தான் நல்லா வருது" என்றார் டாக்டரம்மா.
ஜன்னலில் சேர்வராயன் மலை பாதி மேகத்தில் கிடந்தது.

முப்பத்தேழாம் நம்பர் உள்ளே வந்தான்.
பெயர் சொல்லவில்லை. உட்காரவில்லை.
"விரல்ல என்னங்க, ஊதுகுழல் தீயா?"

போன வாரம் பற்றவைக்கையில் பட்டது.
தாளில் இல்லாத புண்.
எந்த வீட்டுப் பிள்ளையோ,
ஊதுகுழலைத் தெரிந்திருக்கிறான்.
கையை முந்தானைக்குள் இழுத்தேன்.
"தண்ணி படாம வெச்சிருக்கீங்களா?"
"வெக்க முடியுங்களா? பாத்திரம் யாரு கழுவறது?"
கேட்டது கமலா இல்லை.

அவன் சிரித்துவிட்டான்.
நானும்.
மணி அடித்தது.
வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.
வாசலில் அது உறைத்து
அப்படியே நின்றான், முகம் வெளுத்து.

விரலைப் பார்த்தாரா என்றொரு கட்டம் தேடினேன்.
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.
"இருக்கறதுக்கு மட்டும் மார்க் போடுங்கம்மா,
நேரமாகுது" என்றார் டாக்டரம்மா.
போட்டேன்.
ஒன்று.

எங்கள் பட்டறையில் வெள்ளி நிறுக்கும் முன்
காத்தாடியை நிறுத்திவிடுவோம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு,
மூச்சைக்கூட அந்தப் பக்கம் திருப்பித்தான் விடுவோம்.
சில மில்லிக்கு அத்தனை மரியாதை.

இங்கே என் தலைக்குமேல்
கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது காத்தாடி.
தாள் பறந்துவிடாமல்
புண் விரலால்தான்
அழுத்திப் பிடித்திருந்தேன்.