நாலு மணிக்கு மேல் தண்ணீர்

பென்சிலை எண்ணித்தான் தருவார்கள்.
ஒன்றே ஒன்றுதான், இருந்தும் எண்ணுவார்கள்.
காலையில் ஸ்கேல் வைத்து அளந்து
பதிவேட்டில் எழுதுவார் காவலர் குறிஞ்சிநாதன்,
மாலையில் மறுபடி அளப்பார்.
காகிதங்களில் ஸ்டேப்ளர் பின் கிடையாது, நூலால் தைத்தது.
நான் ஆராய்ச்சியாளன்.
சிரிக்க வேண்டாம், அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது:
நெல்சன் ஜோகி, இணை ஆராய்ச்சியாளர்.
ஊக்கு குத்த அனுமதி இல்லாததால்
அட்டை சட்டைப் பையில் கிடக்கிறது.

கோத்தகிரிக்கு மேலே, சீகைக் காட்டை ஒட்டி எங்கள் வார்டு.
வேலிக்கு அந்தப் பக்கம் காட்டெருமைகள் வந்து நிற்கும்.
பனி விலக விலக ஒன்று, இரண்டு, குட்டியோடு மூன்று.
அவையும் எங்களை எண்ணுகிற மாதிரிதான் பார்க்கும்.
பதினான்கு பேர். கோர்ட் அனுப்பியவர்கள் ஒன்பது, நானும் சேர்த்து.
என்ன செய்தேன் என்பது இந்தக் கவிதையில் வராது.

டாக்டர் ரெஹானா கோவையிலிருந்து கேள்வித்தாள் கொண்டுவந்தார்.
ஏழாவது கேள்வி:
நீங்கள் இங்கே பாதுகாப்பாக உணர்கிறீர்களா?
யாரிடமிருந்து யாருக்கு, மேடம், என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
கோபம் என்று நினைத்தேன்.
மூடிய பேனாவை என் பக்கம் தள்ளினார்.
குறிஞ்சிநாதன் எழுந்து வந்து அதை எடுத்துப் போனார்.
பென்சில் வந்த கதை அதுதான்.

சம்பளப் பேச்சும் வந்தது.
நோயாளிக்குப் பணம் கொடுக்க வவுச்சர் இல்லையாம்.
முதல் மாதம் வர்க்கி கொடுத்தார்கள், ஒரு பாக்கெட்.
நல்ல வர்க்கிதான்.
ஆனாலும், டாக்டருக்கும் வர்க்கியிலா சம்பளம் என்று
கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.
வங்கிக் கணக்கு தொடங்க ஏழு மாதம் ஆனது.

ஏழாவது கேள்வியை அடித்தோம்.
பதிலுக்குப் பெள்ளியும் நானும் எழுதியது:
ராத்திரி கழிப்பறைக்குப் போக எத்தனை தடவை கூப்பிட வேண்டும்?

தவச்செல்வம் எதிரே வந்து உட்கார்ந்தார்.
பதுளையில் பிறந்து, மூன்று வயதில் கப்பல் ஏறி,
இங்கே கொழுந்து கிள்ளிய கைகள்.
யாருக்கும் ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லாதவர்.
கேள்வியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.
“கூப்பிடுறதே இல்ல.
நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டேன்.”

என் கை நின்றது.
அவர் கோப்பில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்,
ரவுண்ட்ஸில் சத்தமாகத்தான் படிப்பார்கள்:
தண்ணீர் மறுக்கிறார். விஷம் கலந்திருப்பதாகச் சந்தேகம்.
மாத்திரை கூட்டப்பட்டது.
மூன்று வருடமாகக் கூட்டப்பட்டது.
அந்த மாத்திரைக்கு நாக்கு வறளும், எனக்குத் தெரியும்,
நானும் அதையே தின்கிறவன்.

இதைச் சொல்லலாமா என்று கேட்டேன்.
யோசிக்கணும் என்றார்.
பதினாறு நாள் யோசித்தார்.
பதினாறு நாளும் ரவுண்ட்ஸில் அதே வரி.
பதினாறு நாளும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.
ஆய்வில் நேர்ந்த இடர்ப்பாடுகள் என்று
அறிக்கையில் ஒரு தலைப்பு உண்டு.
அங்கே நான் இதை எழுதவில்லை.

உறைபனி விழுந்த ஒரு காலை,
பல் துலக்கிக்கொண்டே “சொல்லு” என்றார்.
“பேரோட சொல்லு.”
பேர் போடக் கூடாது என்பது விதி.
அதனால் அவரையே கூட்டத்துக்கு அழைத்தோம்.
எழுந்து நின்று ஒரே வாக்கியம் சொன்னார்.
டீ ஆறிப்போகும்வரை யாரும் கோப்பையைத் தொடவில்லை.

கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.
கட்டிலருகே அழைப்பு மணி வைத்தார்கள்,
வாரத்தில் நாலு நாள் அடிக்கும்.
மாத்திரை ஒரு படி இறங்கியது.
நேற்று விளக்கணைத்த பிறகு
அடுத்த கட்டிலில் மடக் மடக்கென்று
தண்ணீர் இறங்கும் சத்தம்.
பெள்ளி கூட எழுந்து உட்கார்ந்து கேட்டான்.

இன்று மாலை பென்சிலை அளந்தார் குறிஞ்சிநாதன்.
அரை அங்குலம் குறைவு.
பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம்.
என்ன போட, என்றார்.
எழுதித் தேய்ந்தது என்று போடுங்கள் என்றேன்.
போட்டார், ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
திருத்தலாமா என்று கேட்பதற்குள்
பென்சில் பூட்டுக்குள் போய்விட்டது.