முப்பது நிமிடத்துக்கு ஓர் இதயம்

செவ்வாய், வியாழன், சனி.
இடது கை இயந்திரத்துக்கு.
வலது கை எனக்கு.

ஹிரோசாகியில் பனி கொட்டுகிறதென்று
ஜன்னலோரப் படுக்கைக்காரர்கள் சொல்கிறார்கள்.
ஏழாம் படுக்கையிலிருந்து எனக்குத் தெரிவது
கூரையில் ஒரு நீர்க்கறை,
போகும்போதும் வரும்போதும்
ஒரே சிவப்பாயிருக்கும் என் ரத்தம்,
வயிற்றின்மேல் திறந்து வைத்த
சின்ன விளையாட்டுக் கருவி.

இந்த விளையாட்டு இலவசம்.
கொம்பு முளைத்த தலைப்பிரட்டை,
ஒற்றைக்கண் பூஞ்சை,
ஓயாமல் கொட்டாவி விடும் ஒரு கல்.
ஒரே இனத்து அரக்கர் மூவரைச் சேர்த்தால்
பொசுக்கென்று மறைவார்கள்.
மேலிருந்து வேறு மூவர் விழுவார்கள்.
எத்தனை அழித்தாலும் பலகை காலியாவதில்லை.
யூரியா, பொட்டாசியம், பாஸ்பரஸ்
என்று நானே பெயர் வைத்தேன்.
கல்தான் பாஸ்பரஸ்.
லேசில் போகாது.

தோற்றால் ஓர் இதயம் போகும்.
மொத்தம் ஐந்து.
ஐந்தும் போனால் திரை குனிந்து கேட்கும்:
காத்திருக்கிறீர்களா,
வைரம் வாங்குகிறீர்களா?

இருபத்தாறு வருடம் ரயில் நிலைய வாசலில்
டாக்ஸியோடு நின்றவனிடம்
கேட்கிற கேள்வியா இது?
முப்பது நிமிடத்துக்கு ஓர் இதயம் ஊறும்.
நான்கு மணி நேரத்தில் எட்டு.
கையிருப்போடு பதின்மூன்று.
ஒன்றுதான் சூட்சுமம்:
நிறைந்த பானையில் ஊறாது,
முதல் இதயத்தை உடனே தோற்றுவிட வேண்டும்.

செவிலி சிபாவிடம் இதை விளக்கினேன்.
எடைச்சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்
"மூன்று கிலோ இருநூறு கூடியிருக்கிறது நருமி-சான்,
ஞாயிற்றுக்கிழமை என்ன குடித்தீர்கள்?" என்றாள்.
நூடுல்ஸ் சாறு.
கடைசிச் சொட்டுவரை.
சொல்லவில்லை.

எட்டாம் படுக்கை ஒசனாய்-சான்
ஆப்பிள் கிடங்கில் கணக்கு எழுதியவர்.
நான் தொண்ணூற்றாறாம் கட்டத்தில் முட்டிக்கொண்டிருக்க
அவர் நானூற்றுப் பன்னிரண்டில் இருந்தார்.
கெட்டிக்காரர் என்றே நம்பியிருந்தேன்.
ஒருநாள் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி
"வைரத்துக்கு எழுபதாயிரம் யென் ஆச்சு,
மகனுக்குத் தெரியாது" என்றார்.
"இலவசம் என்றார்களே?"
கையில் செருகியிருந்த குழாயைக் கண்ணால் காட்டினார்.
"இதுவும்தான் ஏறக்குறைய இலவசம்."
இருவரும் சிரித்ததில்
என் இயந்திரம் கூவ,
சிபா ஓடி வந்தாள்.

இரண்டு கருவிகள் அருகருகே உறங்கினால்
நாளுக்கு ஓர் இதயம் தானாகக் கைமாறும்.
ஓரத்தில் பச்சை விளக்கு மினுங்கும்.
கூடவே ஒரு வாக்கியமும் அனுப்பலாம்,
சொந்தமாக எழுத முடியாது.
நாற்பது வாக்கியம் தந்திருக்கிறார்கள்,
பிள்ளைகளுக்கானவை:
நல்லாத் தூங்கினேன். இன்று மழை.
என் அரக்கன் உன்னைவிடப் பெரியவன்.
நாங்கள் ஒன்றும் அனுப்பிக்கொண்டதில்லை.
பக்கத்துப் படுக்கைக்கு என்ன வாக்கியம்?

பிப்ரவரியில் எட்டாம் படுக்கையில்
புது விரிப்பு.
பிறகு பனிவாரி ஓட்டும் ஒரு பையன்.
இந்த அறையில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.
நானும் கேட்கவில்லை.
தொண்ணூற்றாறிலிருந்து
தொண்ணூற்றேழுக்குப் போனேன்,
அவ்வளவுதான்.

இன்று வாசலில் குனிந்து
பூட்ஸ் கழற்றும்போது
பைக்குள் பச்சை மினுங்கியது.
நிமிர்ந்தேன்.
காலை ஷிப்ட் முடிந்து வெளியேறும் கூட்டம்,
முகக்கவசங்கள், கம்பளித் தொப்பிகள்.
பனிக்குள் ஒரு டாக்ஸியின் கதவு சாத்திக்கொண்டது.
எங்கள் கம்பெனி இல்லை, போட்டிக் கம்பெனி.

கருவியைத் திறந்தேன்.
கட்டம் நானூற்று அறுபது.
ஓர் இதயம்.
நாற்பதில் இருபத்தொன்பதாம் வாக்கியம்:
"தாகமாக இருக்கிறது."

மீதி முப்பத்தொன்பதையும் படித்துப் பார்த்தேன்.
பிறகு அதையே பதிலாகத் தேர்ந்தெடுத்து
வியாழக்கிழமைக்கு வைத்தேன்.

எடை. படுக்கை. இரண்டு ஊசி.
முதல் இதயத்தை உடனே தோற்றேன்.