விளக்கறை

பத்தொன்பது வருடம் விளக்கறையில் இருந்தேன்.
பித்தளை வில்லையை நீட்டுவார்கள்,
சார்ஜ் ஏறிய விளக்கை நீட்டுவேன்.
வில்லையை அவரவர் ஆணியில் மாட்டிவைப்பேன்.
ஷிப்ட் முடிந்து
விளக்கு வந்தால் வில்லை போகும்.
ஆணியில் வில்லை மிச்சமிருந்தால்
ஆள் இன்னும் கீழே.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

முந்நூற்றுப் பதினேழு, நிக்கானோர்.
அவருக்கும் எனக்கும் இடையே ஒரே சொல்:
"நொரோக்."
அதிர்ஷ்டம் என்று அர்த்தம்.
இறங்கப்போகிறவர் அதையே சொல்வார்,
ஏறிவந்தவரும் அதையே.
ஜியூ பள்ளத்தாக்கில்
சுரங்கக்காரர்களின் வணக்கம் அது.
திரும்பி வரும் விளக்கு
ஈரமாக, கறுப்பாக, சில்லென்று இருக்கும்.
துடைத்து அடுக்குவேன்.

சுரங்கவாயில் கான்கிரீட் ஊற்றிய மறு வருடம்
அதே அறையில் பெஞ்சு போட்டார்கள்.
சூரியத் தகடு பொருத்தப் பயிற்சி,
பதினொரு வாரம், மதியம் சூப் உண்டு.
விண்ணப்பம் போட்டவர்கள் நாற்பத்திரண்டு,
நாற்காலி பதினாறு.
இடம் கிடைக்காத சாபின்
இத்தாலிக்குத் தக்காளி பறிக்கப் போனான்.
கிடைத்தவர்களும் துள்ளவில்லை.
பழைய சம்பளத்தில்
பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே.

ஆணிகளை யாரும் பிடுங்கவில்லை.
மஞ்சள் தொப்பி, இடுப்புப் பட்டை, கயிற்றுச் சுருள்
இப்போது அங்கே தொங்குகின்றன.
ஓர் ஆணி மட்டும் காலி.
பாடம் நடத்த வந்த ஒதிலியா
முதல் நாள் அதில் கோட்டை மாட்டினாள்.
சூப் குடித்துத் திரும்புவதற்குள்
கோட்டு நாற்காலிக்கு வந்திருந்தது.
யார் எடுத்தது என்று அவள் கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.

குடியிருப்புக் கூட்டத்தில் ஒரே சண்டை.
ஒரு பங்கு இருநூறு லேய்,
பள்ளிக்கூடக் கூரையில் தகடு,
வருகிற மின்சாரம் பங்குக்கேற்பப் பில்லில் கழியும்.
மூன்றாம் மாடி பராஸ்கிவா எழுந்தாள்:
"நிலக்கரி தீராதென்று சொன்னவர்களும்
இப்படித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.
சூரியன் தீராதென்று
யார் கையெழுத்துப் போடுவது?"
கூட்டம் சிரித்தது.
அவள் சிரிக்காமல்
முந்தானை முடிச்சு ஏதுமில்லாத ஊரில்
காலுறைக்குள்ளிருந்து பணத்தை எடுத்து
அரைப் பங்கு உண்டா என்றாள்.
விதி எண் நான்கை
அன்றிரவே திருத்தினோம்.

மூன்றாம் வாரம் கூரை ஏறினோம்.
மீத்தேனுக்கு வாசனை கிடையாது என்று தெரிந்தே
நானூறு மீட்டர் ஆழத்தில்
இருபத்தாறு வருடம் மூச்சுவிட்டவர் நிக்கானோர்.
ஒன்பது மீட்டர் உயரத்தில்
ஓட்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.
"மேலே ஒன்றுமே இல்லையே," என்றார்,
"முட்டுக்கொடுக்க ஒரு மரம்கூட."

லாயோஷ் மட்டும் சிரித்தான்.
அவனும் ஏணியின் பாதியைத் தாண்டவில்லை.

கொக்கியை அவர் பட்டையில் மாட்டி
இரண்டு தரம் இழுத்துக் காட்டினேன்.
கண்ணைத் திறக்காமலே
முதல் போல்ட்டை முடுக்கினார்.
இருட்டில் வேலை செய்த கைகள்,
அவற்றுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.
ஐந்தாவது போல்ட்டில்
ஒரு கண்ணைத் திறந்தார்.
பத்தாவதில்
எதிர் மலையில் யாருடைய ஆடு என்று கேட்டார்.

இணைப்புக் கொடுத்த அன்று மேகம்.
மீட்டரில் முக்கால் கிலோவாட்.
கைதட்டுவதா வேண்டாமா என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பராஸ்கிவா தட்டினாள்,
அரைப் பங்குக்கு அரைத் தட்டல் என்று
எவனோ சொன்னான்.

இப்போது ஜூலை.
ஆஸ்பத்திரிக் கூரையில் அறுபது தகடு.
பெயர்ப் பட்டியல் என் கையில்,
ஏறியவர் ஏழு, இறங்கியவர் ஆறு.
பத்தொன்பது வருடம்
தரையைப் பார்த்தே காத்திருந்த கழுத்து
அண்ணாந்து பார்த்து வலிக்கிறது.

கடைசியாக ஏணியில் அவர் பூட்ஸ்.
"நொரோக்," என்றார்.
பழக்கத்தில் கையை நீட்டினேன்.
என்ன கேட்கிறேன் என்று ஒரு கணம் விழித்தார்,
பிறகு ஸ்பானரை வைத்தார்.

சூடாக இருந்தது.