இவனல்ல

படிவத்துக்காகப் பெயர் கேட்டேன்.
தாய் ஜன்னலைப் பார்த்தாள்.
தகப்பன்தான் சொன்னான்: எனெபிஷ்.
இவனல்ல, என்று அர்த்தம்.
பிள்ளை தங்காத வீட்டில்
இப்படித்தான் வைப்பார்கள் எங்கள் பக்கம்.
தேடி வருவது
பெயரைக் கேட்டுக் குழம்பி
வந்த வழியே போகட்டுமென்று.

இதற்கு முன் எத்தனை என்று கேட்கவில்லை.
எடை கேட்டேன்.
கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று கேட்டேன்.

உலான்பாத்தரில் ஜனவரி.
ஜன்னல் இடுக்கில் பஞ்சு திணித்தும்
அடுப்புக்கரிப் புகை வார்டுக்குள் வருகிறது.
கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள்,
குழந்தைக்கு ஒருவர்தான் இரவில் தங்கலாம்.
விதியைப் படித்துக் காட்டுவதும் என் வேலை.
தகப்பன் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.

முகமூடி பொருத்துமுன் முகம் துடைக்கவேண்டும்.
கன்னம், மூக்கு, மோவாய்.
நெற்றியில் அவர்கள் இழுத்திருந்த கரிக்கோட்டருகே வந்ததும்
என் கை நின்றுவிட்டது.
சுத்தம் பற்றி எனக்கும் தெரியும்.
கோட்டை விட்டுவிட்டுப்
பஞ்சைக் கூடையில் போட்டேன்.
தாய் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"பிழைப்பானா?"

வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒருத்தியிடம்
"ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறேன்.
அவள் மேலங்கியில் ஒரு பித்தான் மட்டும் வேறு நிறம்.
இன்னும் மறக்கவில்லை.
"காலை எட்டு மணி வரை இங்கேதான் இருப்பேன்"
என்றேன்.
என்னால் காப்பாற்ற முடிந்த வாக்கு அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு எண்பத்துநான்கு.
நரம்பு கிடைக்கவில்லை.
பிடித்துக்கொள்ளச் சொன்னால்
தாயின் கைதான் குழந்தையைவிட நடுங்குகிறது.

கோட்டு போடாமல் கீழே ஓடினேன்.
எஞ்சினை அணைக்காமல் படுத்திருந்தவனின்
வண்டிக் கண்ணாடியைத் தட்டினேன்.

பனியில் ஈன்ற குட்டியை
அங்கிக்குள் ஏந்துகிறவன் அவன்.
நெஞ்சுக்குக் கீழே ஓர் உள்ளங்கை,
இறுக்காமல், நழுவவும் விடாமல்.
நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.
"அப்படியே" என்றேன், அவ்வளவுதான்.
ஊசி இறங்கியது.

இரவுக் குறிப்பேட்டில்
'உதவிக்கு ஒரு ஆள்' என்று எழுதினேன்.
எந்த ஆள் என்று யாரும் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எண்பத்தெட்டு.
எண்பத்தேழு.
வெகுநேரம் எண்பத்தேழு.
தொண்ணூற்றொன்று.

எட்டு மணிக்கு சொலோங்கோவிடம்
வார்டை ஒப்படைக்கையில்
பட்டியலை வழக்கமான முணுமுணுப்பில் படித்து வந்தேன்.
ஏழாம் கட்டில், இடப்பக்கம் வந்ததும்
அந்தப் பெயரை மட்டும்
உரக்கப் படித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எது நின்றாலும்
அதற்கும் கேட்கட்டும்.